கவினுக்கு ஒரு கம்ப்யூட்டர்: எங்கள் குடும்பக் குழுவில் நடந்த பேச்சு

குழு: தெப்பக்குளம் வீடு

சனிக்கிழமை

செந்தில், காலை 9:12
நந்தினி, இந்த விளம்பரத்தைக் கொஞ்சம் பாரும்மா. "கேமிங் பிசி, ஐ7, 16 ஜிபி ராம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, மானிட்டரோடு சேர்த்து ரூ.24,999." கவின் கேட்டுக்கொண்டே இருக்கிறான். இதையே வாங்கிவிடலாமா?

கவின், 9:13
அப்பா ப்ளீஸ், அக்கா சொல்லும் வரை பணம் அனுப்பாதீர்கள்

நந்தினி, 9:40
சித்தப்பா, ஐ7 என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். எத்தனையாவது தலைமுறை என்று எங்கேயும் இல்லை. பிராசஸரின் முழு நம்பர், கிராபிக்ஸ் கார்டின் பெயர், மதர்போர்டு மாடல் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். அதைச் சொல்லாமல் விற்கிறவரிடம் பேச்சே வேண்டாம்.

செந்தில், 10:25
கேட்டேன். ஐ7 3770. கார்டு ஜிடி 730. போர்டு எச்61 என்றார்.

நந்தினி, 10:31
3770 சந்தைக்கு வந்தது 2012-ல். கவினுக்கு அப்போது இரண்டு வயது. ஜிடி 730 வந்தது 2014-ல். அதில் 4 ஜிபி இருந்தாலும் இன்றைய கேமுக்கு அந்தக் கார்டுக்கு வேகம் போதாது.

நந்தினி, 10:33
இன்னொன்று. அந்த பிராசஸர் மைக்ரோசாஃப்ட்டின் விண்டோஸ் 11 பட்டியலிலேயே கிடையாது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. கவின் விளையாட நினைக்கும் வேலரண்ட், விண்டோஸ் 11-ல் ஓட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதியும் இருக்க வேண்டும் என்கிறது. 25,000 கொடுத்து வாங்கி வந்து, அவன் கேட்ட முதல் கேமே தகராறு செய்தால் குழந்தை மனசு என்ன ஆகும்? அடுத்த வருடம் கொஞ்சம் மேம்படுத்தலாம் என்றாலும் போர்டு, பிராசஸர், ராம் எதுவும் புதியதோடு சேராது.

அகிலா, 10:50
எனக்கு வேறு கவலை நந்தினி. ஆன்லைன் கேமுக்கு அரசாங்கம் தடை போட்டுவிட்டது என்றார்களே. இவன் பிளஸ் ஒன் வேறு.

நந்தினி, 10:58
சித்தி, 2025 ஆகஸ்ட்டில் வந்த சட்டம் பணம் கட்டி விளையாடும் ஆட்டங்களுக்கு. ரம்மி மாதிரி. கவின் கேட்பதில் பணம் வைத்து ஆடுவது கிடையாது. ஆனால் துப்பாக்கிக்கு டிசைன், உடைக்கு டிசைன் என்று உள்ளே விற்பார்கள். உங்கள் கார்டையும் யுபிஐயையும் அவன் அக்கவுண்ட்டில் சேர்க்காதீர்கள், அவ்வளவு போதும். விண்டோஸில் குழந்தைகளுக்கான தனிக் கணக்கு உண்டு. எத்தனை மணி வரை என்று உங்கள் போனிலிருந்தே வைக்கலாம்.

கவின், 11:02
அம்மா, தேர்வு நேரத்தில் நீங்களே பாஸ்வேர்டு வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

அகிலா, 11:04
ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டேன் தம்பி. கம்ப்யூட்டர் ஹாலில்தான் இருக்கும், உன் ரூமில் இல்லை. அதற்குச் சரியென்றால் மேலே பேசலாம்.

கவின், 11:04
சரி அம்மா

வசந்தா, 11:20
லேப்டாப் வாங்கினால் காலேஜுக்கும் ஆகுமே அகிலா?

நந்தினி, 11:29
அம்மா, நல்ல கிராபிக்ஸ் இருக்கிற லேப்டாப் இவர்கள் பட்ஜெட்டுக்குள் வராது. வந்தாலும் மதுரை வெயிலில் சூடாகி வேகம் குறையும், கிராபிக்ஸை மாற்றவும் முடியாது. காலேஜுக்கு என்ன தேவை என்று இரண்டு வருடம் கழித்துத்தான் தெரியும். சித்தப்பா, மானிட்டரோடு சேர்த்து எவ்வளவு வரை போகலாம்?

செந்தில், 11:41
45,000. அதற்கு மேல் இந்த வருடம் முடியாது. அதற்குள் நல்லதாக வருமா?

நந்தினி, 11:55
வரும். ஆனால் இரண்டு கட்டமாக. இப்போது ரைசன் 5 5600ஜி பிராசஸர் போடலாம். ஆறு கோர், உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது, தனிக் கார்டு வேண்டாம். வேலரண்ட் தாராளமாக ஓடும். ஜிடிஏ 5 ஃபுல் எச்டியில் நார்மல் செட்டிங்கில் நொடிக்கு 60 ஃபிரேமை, அதாவது 60 படத்தை, ஒட்டி வரும். பெரிய புது கேம்கள் ஓடாது, கவின் அதை இப்போதே தெரிந்துகொள்ளட்டும். அடுத்த வருடம் ஆர்எக்ஸ் 6600 மாதிரி ஒரு கார்டைச் செருகினால் அவையும் ஓடும்.

கவின், 11:57
அக்கா, ஐ3 12100எஃப் போட்டு இப்போதே ஒரு சின்ன கார்டு வாங்கினால்? யூடியூபில் எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

நந்தினி, 12:06
நல்ல கேள்வி. எஃப் என்றால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. கார்டு பழுதானால் திரையில் ஒன்றுமே வராது. மிஞ்சும் காசில் உனக்குக் கிடைப்பது பழைய ஜிடிஎக்ஸ் 1650, இல்லையென்றால் எங்கே எப்படி ஓடியது என்று தெரியாத, கிரிப்டோ நாணயம் எடுக்க ஓட்டிய மைனிங் கார்டு. சித்தப்பா காசில் அந்தச் சூதாட்டம் வேண்டாம். 5600ஜியோடு ஆரம்பித்தால் இன்றைக்கே விளையாடலாம், நல்ல கார்டுக்கு நிதானமாகச் சேர்க்கலாம்.

நந்தினி, 12:09
இதில் பெரிய இடி ராம்தான். 2025 கடைசியிலிருந்து விலை ஏறிக்கொண்டே போகிறது. ஏஐ சர்வர்களுக்கு மெமரி தேவை அதிகமாகி, பெரிய தயாரிப்பாளர்கள் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். மைக்ரான் நிறுவனம் க்ரூஷியல் பிராண்டில் நமக்கு விற்பதையே நிறுத்துவதாக டிசம்பரில் அறிவித்தது. சித்தப்பா, கடையில் ஓடாமல் கிடந்த பில்லிங் கம்ப்யூட்டர் இருக்கிறதா, தூக்கிப் போட்டாயிற்றா?

செந்தில், 12:15
மாடியில் கிடக்கிறது. போர்டு போய்விட்டது என்றார்கள்.

நந்தினி, 12:16
போர்டுதானே போனது. கவின், பிளக் எதிலும் மாட்டாமல் பக்கத் தகட்டைக் கழற்றி, ராம் மேல் இருக்கிற ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்துப் போடு.

கவின், 12:48
8 ஜிபி. பிசி4-2400 என்று இருக்கிறது. ஒன்றுதான் இருக்கிறது அக்கா.

நந்தினி, 12:52
அருமை! பிசி4 என்றால் டிடிஆர்4. 5600ஜி போர்டில் அப்படியே உட்காரும்.

கவின், 12:53
ஆனால் 2400 மெதுவாச்சே. 3200 வேண்டும் என்று படித்தேன்.

நந்தினி, 1:10
கணக்குப் போட்டுப் பார். உள்ளே இருக்கிற கிராபிக்ஸுக்கு என்று தனி மெமரி இல்லை, ராமிலிருந்துதான் எடுக்கும். அதனால் ராமின் மொத்த வேகம்தான் உன் ஃபிரேம். ஒரு 3200 ராம் நொடிக்கு 25.6 ஜிபி கொடுக்கும். 2400-ல் இரண்டு போட்டால் டூயல் சேனலில், அதாவது இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்து, 38.4 ஜிபி. புதிதாக ஒன்றை வாங்குவதைவிட பழையது இரண்டு மேல். 3200 இரண்டு போட்டால் 51.2, அதுதான் சிறந்தது, ஆனால் இன்றைய விலைக்கு அது பட்ஜெட்டைத் தின்றுவிடும். விலை இறங்கினால் பிறகு மாற்றிக்கொள்.

கவின், 1:12
ஓ!! அப்படியென்றால் இதே மாதிரி இன்னொரு 8 ஜிபி போதும்

நந்தினி, 1:14
அதுதான். இங்கே சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய ராம் கிடைக்கும். அதே 2400, டெஸ்க்டாப் சைஸ். இரண்டையும் போட்டு, ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 புரோகிராமை ஓட விடுவோம். ஒரு பிழை காட்டினாலும் திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்று முதலிலேயே பேசி வாங்குகிறேன்.

முருகேசன், 2:30
இப்போதுதான் சைட்டிலிருந்து வந்தேன். மச்சான், கம்ப்யூட்டர் வைக்கப்போவது ஹால் ஜன்னல் பக்கமா? அந்த ஸ்விட்ச் போர்டில் எர்த் இல்லை. மூன்று ஓட்டை இருக்கும், பின்னால் இரண்டு ஒயர்தான். இரும்பு கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கும். வருகிற வாரம் நான் வந்து எர்த் இழுத்துத் தருகிறேன். அதுவரை எதையும் மாட்ட வேண்டாம்.

செந்தில், 2:34
சரி மாப்பிள்ளை. யுபிஎஸ் வேறு வாங்க வேண்டுமா?

முருகேசன், 2:41
வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே. பின்பக்கம் ஒரு ஸ்விட்ச் இருக்கும், அதை யுபிஎஸ் மோடுக்குத் தள்ளினால் கரண்ட் போகும்போது சட்டென்று மாறும், பெரும்பாலும் கம்ப்யூட்டர் அணையாது. அந்த ஸ்விட்ச் போர்டுக்கு இன்வெர்ட்டர் லைன் வருகிறதா என்று பார்த்து, வராவிட்டால் அதையும் சேர்த்து இழுக்கிறேன். முதலில் இப்படி ஓட்டிப் பார்ப்போம்.

நந்தினி, 2:50
மாமா, இது பெரிய உதவி. சித்தப்பா, கரண்ட் பேச்சு வந்ததால் சொல்கிறேன். கம்ப்யூட்டருக்குள் கரண்ட் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் காசைக் குறைக்காதீர்கள். கேபினெட்டோடு இலவசமாக வருவதைப் போடவே கூடாது. மேலே 450 வாட் என்று அச்சடித்திருக்கும், உள்ளே பாதுகாப்புச் சுற்றே சரியாக இருக்காது. அது போகும்போது போர்டையும் பிராசஸரையும் கூட்டிக்கொண்டு போகும். 550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரை, 5 வருட வாரண்டி உள்ளதாக எடுப்போம். பாதி லோடில் 85 சதவீதத் திறன் இருந்தால்தான் அந்த முத்திரை. ஆர்எக்ஸ் 6600 இழுப்பது 132 வாட், அதற்கும் இதுவே போதும்.

செந்தில், 2:55
மொத்தம் எவ்வளவு வரும்மா?

நந்தினி, 3:20
மத்தியானம் இரண்டு கடையில் போனில் கேட்டேன். பிராசஸர் 11,500, போர்டு 6,500, எஸ்எம்பிஎஸ் 4,500, 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி 5,000, பழைய ராம் 2,500. கேபினெட் 3,000, 24 இஞ்ச் 100 ஹெர்ட்ஸ் மானிட்டர் 8,500, கீபோர்டு மவுஸ் 1,200. கூட்டினால் 42,700. எல்லாம் ஜிஎஸ்டி சேர்த்து. புதுப் பொருள் எல்லாவற்றுக்கும் சீரியல் நம்பர் போட்ட பில் வாங்குகிறேன், பில் இல்லாமல் 500 குறைக்கிறேன் என்றாலும் வேண்டாம். அந்த பில்தான் வாரண்டி.

அகிலா, 3:26
விளக்கு எரியுமே பல கலரில், அது இல்லையா? அவன் அதைத்தான் காட்டிக்கொண்டிருந்தான்.

நந்தினி, 3:31
கவின், விளக்கு ஃபேனுக்குக் கொடுக்கிற காசைக் காற்றுக்குக் கொடுப்போம். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி இருக்கிற கேபினெட் பார்க்க அழகு, உள்ளே காற்று போகாது. சல்லடை மாதிரி வலை உள்ள முகப்பு எடு. மே மாத மதுரையில் அதன் அருமை தெரியும்.

கவின், 3:33
வலையே போதும் அக்கா. விளக்கு நானே பிறகு ஒட்டிக்கொள்கிறேன்.

செந்தில், 3:40
விண்டோஸ் கடையில் இலவசமாகவே போட்டுத் தருவார்கள் இல்லையா?

நந்தினி, 3:44
அது கிராக் சித்தப்பா, திருட்டுக் காப்பி. அந்த ஆக்டிவேட்டரோடு பாஸ்வேர்டு திருடுகிற புரோகிராமும் வரலாம். நீங்கள் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட இதே கம்ப்யூட்டரில் உட்காருவீர்கள். ஒரிஜினல் லைசென்ஸ்தான் வேண்டும், அது இந்தக் கணக்கில் இல்லை, தனி.

வசந்தா, 3:52
அது என் செலவு. கவின் பிறந்தநாளுக்கு நான் இன்னும் ஒன்றும் வாங்கவில்லை.

கவின், 3:52
பெரியம்மா!!!! நன்றி நன்றி

அகிலா, 3:55
அக்கா, எதற்கு உனக்கு... சரி. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படிக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். சீரியல் நேரத்தில் சத்தம் வரக்கூடாதாம்.

கவின், 3:56
பாட்டி, ஹெட்போன் என்னிடம் இருக்கிறது

நந்தினி, 4:10
மாட்டுவது கடைக்காரர் இல்லை, கவின்தான். நான் பக்கத்தில் இருப்பேன், கை வைக்க மாட்டேன். அதற்குள் நீ தெரிந்துகொள்ள வேண்டியது: இந்த பிராசஸரில் கீழே ஊசிக் கால்கள் இருக்கும். மூலையில் தங்க முக்கோணம் இருக்கும், போர்டில் இருக்கிற முக்கோணத்தோடு அது சேர வேண்டும். தானாக உள்ளே விழும், அழுத்தவே கூடாது. கால் வளைந்தால் 11,500 போச்சு. ராம் இரண்டையும் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது இடத்தில் போட வேண்டும், பக்கத்துப் பக்கத்தில் போட்டால் நான் சொன்ன 38.4 கிடைக்காது. நாலு இடம் உள்ள போர்டுதான் வாங்குகிறேன்.

கவின், 4:13
கூலருக்கு பேஸ்ட் தனியாக வேண்டுமா?

நந்தினி, 4:14
பெட்டியோடு வருகிற கூலரில் ஏற்கெனவே தடவியிருக்கும். விரல் படாமல் வை. எச்டிஎம்ஐ கேபிளை இப்போதைக்கு போர்டில் குத்து. கார்டு வாங்கிய பிறகு கார்டில்.

வெள்ளிக்கிழமை

முருகேசன், மாலை 6:05
எர்த் இழுத்தாயிற்று. இன்வெர்ட்டர் லைனும் வருகிறது. மச்சான் டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டார்.

நந்தினி, 7:30
நன்றி மாமா. ஞாயிறு ரிச்சி ஸ்ட்ரீட்டில் பெரும்பாலான கடை பூட்டியிருக்கும். அதனால் இன்றே ஆபீஸ் முடித்துப் போய் வாங்கிவிட்டேன். பிராசஸர், போர்டு, எஸ்எம்பிஎஸ், எஸ்எஸ்டி, ராம் எல்லாம் என் பையில். போர்டில் இருக்கிற பயாஸ் புரோகிராம் இந்த பிராசஸரை எடுக்குமா என்று கடையிலேயே மாட்டி ஆன் செய்து பார்த்தேன், திரை வந்தது. மறுபடி கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டேன் கவின், உன் வேலை அப்படியே இருக்கிறது.

செந்தில், 7:34
எந்த வண்டியில் வருகிறாய்?

நந்தினி, 7:36
நாளை மதியம் வைகையில். கேபினெட், மானிட்டர், கீபோர்டு மட்டும் நீங்கள் மதுரையிலேயே வாங்கிவிடுங்கள் சித்தப்பா, ரயிலில் தூக்கி வந்தால் அடிபடும். மானிட்டரைக் கடையிலேயே ஆன் செய்யச் சொல்லி, வெள்ளைத் திரையும் கறுப்புத் திரையும் வைத்துப் புள்ளி இருக்கிறதா என்று கவின் பார்க்கட்டும். கேபினெட் மைக்ரோ ஏடிஎக்ஸ் அளவுப் போர்டு உட்காருவதாக இருக்க வேண்டும். நட்சத்திரத் தலை ஸ்க்ரூ டிரைவர் ஒன்று, நுனியில் காந்தம் உள்ளதாக.

முருகேசன், 7:38
ஸ்க்ரூ டிரைவர் என் பையில் இருக்கிறது. நான் கொண்டு வருகிறேன்.

அகிலா, 7:45
ராத்திரி சாப்பாடு இங்கேதான் நந்தினி. வண்டியில் எதுவும் வாங்கிச் சாப்பிடாதே. மாட்டுகிற வேலை ஞாயிறு காலையில், ராத்திரியில் யாரும் பெட்டியைப் பிரிக்கக் கூடாது.

கவின், 7:46
பெட்டியைப் பார்க்கவாவது செய்யலாமா அம்மா

அகிலா, 7:47
பார்க்கலாம்.