அஞ்சு வகுப்புக்கும் சேத்து 31 பிள்ளைகள். மகளை அங்க விடலாமா?

வயல்கரையான் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். திருகோணமலை மாவட்டத்தில, மூதூருக்கும் வெருகலுக்கும் இடையில எங்கட கிராமம். மகளுக்கு வாற ஜனவரியோட அஞ்சு வயசு. தரம் 1க்கு விண்ணப்பம் குடுக்கிற நாள் நெருங்கிட்டு. நானும் மனிசியும் இன்னும் ஒரு முடிவுக்கு வரேல்ல.

ஊர்ப் பள்ளிக்கூடம் குளக்கட்டால நடந்தா பத்து நிமிசம். தரம் 5 வரைக்கும்தான் இருக்கு. ஒரே நீளக் கட்டடம், அரைச்சுவர், வகுப்புக்கு வகுப்பு நடுவில அலுமாரியும் தட்டியும். இந்த வருசம் இடாப்பில 31 பேர். அதிபரோட சேத்து நாலு பேர் படிப்பிக்கிறாங்க. ஆண்டு 1ம் 2ம் ஒண்டா, 3ம் 4ம் ஒண்டா, அஞ்சு மட்டும் புலமைப்பரிசில் சோதினைக்காகத் தனி. இங்கிலீசுக்கு ஒரு டீச்சர் கிழமையில ரெண்டு நாள் வாறா.

எங்கட ஒழுங்கையில மூண்டு வீட்டுப் பிள்ளைகள் இப்ப வானில (வேனில) மூதூர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போகுது. 18 கிலோமீற்றர். காலமை 5.50க்கு வான், திரும்பி வர பின்னேரம் ரெண்டரை. மாசம் 9,000 ரூபாய். வெள்ளாமைக் காசில சமாளிக்கலாம், அது இல்ல பிரச்சினை.

மனிசி வானுக்குத்தான் நிக்கிறா. அவ இதே பள்ளிக்கூடத்தில படிச்சவ. 2006ல ஆண்டு நாலோட படிப்பு நிண்டிட்டு. இண்டைக்கும் ஒரு கடிதம் வந்தா பிரிக்காம என்ட கையில தருவா. "நான் அந்த வாங்கில இருந்துதான் இப்பிடி ஆனனான், என்ட பிள்ளையை அங்க இருத்த மாட்டன்" எண்டு சொல்லேக்க என்னட்ட மறுமொழி இல்ல.

ரெண்டு வகுப்பை ஒராள் படிப்பிச்சா உள்ளுக்க என்ன நடக்கும்? சின்னப் பள்ளிக்கூடத்தில படிப்பிச்ச ஆக்கள், படிச்ச ஆக்கள் இருந்தா உண்மையைச் சொல்லுங்கோ.

நிலாவெளித் தாய் எழுதியது:

தம்பி, நாங்க மகனை ஆண்டு 2ல ஊர்ப் பள்ளிக்கூடத்தால எடுத்து திருகோணமலை ரவுணில சேத்தனாங்க. வகுப்பில 40 பேருக்கு மேல. முதல் தவணை முழுக்க அவன் வகுப்பில வாய் திறக்கேல்லயாம், மூண்டாவது மாசம்தான் டீச்சர் சொல்லித் தெரியும். இப்ப ஆண்டு 5, நல்லாப் படிக்கிறான். சிங்களமும் கொஞ்சம் கதைக்கிறான், ஊரில அது கிடைச்சிருக்காது. ஆனா நாங்க வீட்டை வாடகைக்கு எடுத்துக் கூடவே வந்து இருக்கிறம். வானில விட்டிருந்தா என்னால ஏலாது. கடலுக்குப் போற மனிசன் ஊரில தனிய இருக்கிறார். இதையும் கணக்கில எடுங்கோ.

வெண்கட்டி எழுதியது:

தம்பி, நான் 23 வருசமாத் தொடக்கநிலை படிப்பிக்கிறன். அதில 11 வருசம் உங்கட மூதூர், கொட்டியாரத்துப் பக்கம் மூண்டு சின்னப் பள்ளிக்கூடங்களில. கூடின பிள்ளை இருந்த இடத்தில 46, குறைஞ்ச இடத்தில 19. அதனால உங்கட கேள்விக்குக் கொஞ்சம் நீட்டித்தான் எழுத வேண்டியிருக்கு.

ரெண்டு வகுப்பு ஒண்டாயிருக்கிறதைப் பாத்தவுடன பயப்பட வேண்டாம். எங்கட பாடத்திட்டத்திலயே தரம் 1ம் 2ம் சேந்ததுதான் முதன்மை நிலை ஒண்டு, 3ம் 4ம் முதன்மை நிலை ரெண்டு. சுற்றாடல் பாடத்தில போன வருசம் பாத்த விசயம் அடுத்த வருசம் விரிஞ்சு வரும். நான் கரும்பலகைக்கு நடுவால ஒரு கோடு கீறுவன். வலப்பக்கம் ரெண்டாம் ஆண்டுக்கு எழுத ஏதாவது. அவங்கள் குனிஞ்சு எழுதத் தொடங்கினதும் நான் முதலாம் ஆண்டோட பாயில இருப்பன். ட, ப எண்டு நேர்க்கோட்டு எழுத்தில தொடங்கி, முதல்ல மணலில விரலால, பிறகு சிலேற்றில, அதுக்குப் பிறகுதான் கொப்பி. பதினஞ்சு நிமிசத்தில மாத்தி எழும்ப வேணும். அந்த நேரம் முதலாம் ஆண்டுப் பிள்ளை சும்மா இருக்காது, ரெண்டாம் ஆண்டு வாசிக்கிறதைக் காதால கேட்டுக்கொண்டிருக்கும். வருசக் கடைசியில பாத்தா, நான் படிப்பிக்காத பாட்டும் அதுக்குத் தெரியும்.

கணக்குக்கு எங்களுக்குப் புளியங்கொட்டையும் ஈர்க்கும் காணும். பத்து ஈர்க்கை நூலால கட்டினா ஒரு பத்து. ஒரு பொடியன் இருந்தான், கொப்பியில கழித்தல் கணக்கைக் கண்டா அழுவான். ஒருநாள் "பட்டியில இருந்து 27 மாடு போச்சுது, பின்னேரம் 24தான் வந்தது" எண்டன். "மூண்டு காணேல்ல டீச்சர், எந்தப் பக்கம் போனது?" எண்டு எழும்பி நிண்டிட்டான். அவன்ட தகப்பனுக்கு மாடுதான் தொழில். அதுக்குப் பிறகு ஒரு தவணை முழுக்க அவனுக்கு மாட்டுக் கணக்குத்தான். 40 பேர் இருக்கிற வகுப்பில அவன்ட வீட்டில மாடு இருக்கிறது எனக்கு எப்ப தெரிய வரும்?

சிறுவர் சந்தை வைப்பம். அது எல்லாப் பள்ளிக்கூடத்திலயும் வைக்கிறதுதான், ஆனா சின்ன இடத்தில ஒரு பிள்ளை மிச்சமில்லாம எல்லாரும் கடைக்காரர். முருங்கையிலை, வெள்ளரிப்பிஞ்சு, அவிச்ச கச்சான் கொண்டுவருவாங்கள். ஒரு பிள்ளை பாலைப்பழம் கொண்டுவந்து ஒரு சுண்டு (சின்னப் பேணி அளவு) 50 ரூபாய்க்கு அளந்து வித்தாள். அதிபர் வேணுமெண்டே 500 ரூபாய்த் தாளைக் குடுத்து மூண்டு சுண்டு கேட்டார். அவள் விரல் விட்டு எண்ணி, பக்கத்துக் கடையில சில்லறை மாத்தி, 350ஐ மூண்டு தரம் எண்ணிக் குடுத்தாள். அவளுக்கு அப்ப ஏழு வயசு.

இப்ப மற்றப் பக்கத்தையும் சொல்லவேணும். சின்னப் பள்ளிக்கூடத்தின்ட உயிர் ஒராள் ரெண்டு பேரின்ட கையில இருக்கு. நான் இருந்த ஒரு இடத்தில முதலாம் ஆண்டு டீச்சர் பிரசவ லீவில போனா. பதிலுக்கு ஆள் வரேல்ல. மற்ற டீச்சருக்குப் பயிற்சி வகுப்பு, அதிபருக்குக் கூட்டம். நானும் மூண்டு வகுப்பும் மட்டும் மிஞ்சின நாட்கள் கனக்க. அந்த ஆறு மாசத்தில முதலாம் ஆண்டில இருந்த எட்டுப் பிள்ளைகளில அஞ்சு பேர், மூண்டாம் ஆண்டுக்கு வரேக்கயும் கொம்பும் காலும் குழம்பித்தான் வாசிச்சவங்கள். நான் பின்னேரத்தில இருத்திப் படிப்பிச்சுப் பாத்தன். மூண்டு பேரை மீட்டன். மற்ற ரெண்டு முகமும் இப்பவும் எனக்கு நினைவில நிக்குது. பெரிய பள்ளிக்கூடத்தில ஒராள் போனா அடுத்த வகுப்பு டீச்சர் பாப்பா. இங்க அடுத்த வகுப்பு எண்டு ஒண்டு இல்ல.

அதனால கட்டடத்தையும் 31 எண்ட எண்ணையும் விடுங்கோ. போய், முதலாம் ஆண்டு டீச்சர் எத்தனை வருசமா அங்க நிக்கிறா எண்டு கேளுங்கோ. எங்க இருந்து வாறா, மாரியில தண்ணி ஏறினா வர ஏலுமா எண்டும் கேளுங்கோ. அதிபரிட்டச் சொல்லிப்போட்டு மூண்டாம் ஆண்டுப் பிள்ளை ஒண்டுக்கு, பாடப் புத்தகம் இல்லாத ஒரு தாளைக் குடுத்து வாசிக்கச் சொல்லுங்கோ. பாடப் புத்தகமெண்டா மனப்பாடத்தில ஒப்புவிக்கும். புதுத் தாளில எழுத்துக்கூட்டி வாசிச்சா, அந்தப் பள்ளிக்கூடத்தில வேலை நடக்குது. பொம்பிளைப் பிள்ளை எண்டபடியா மலசலகூடத்தையும் கட்டாயம் பாருங்கோ. காலமை முழுக்கத் தண்ணி குடிக்காம அடக்கிக்கொண்டிருந்த பிள்ளைகளை நான் கண்டிருக்கிறன்.

புலமைப்பரிசில் எத்தனை பேர் பாஸ் எண்டு கேட்டு முடிவெடுக்காதீங்கோ. அஞ்சு பேர் எழுதுற இடத்தில ஒராள் பாஸ் பண்ணினாலும் ஊர் கொண்டாடும், அடுத்த வருசம் ஒருத்தரும் இல்லாட்டி ஊர் பழி சொல்லும். ரெண்டுமே பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒண்டும் சொல்லாது. அந்தச் சோதினை 6ம் தரத்துக்குப் பெரிய பள்ளிக்கூடங்களுக்குப் பிள்ளை எடுக்கவும், வசதி குறைஞ்ச பிள்ளைக்கு உதவிப்பணம் குடுக்கவும்தான். சித்தியடையாட்டியும் உங்கட மகள் 6ம் தரத்துக்கு வேற இடம் போகத்தான் வேணும், ஊர்ப் பள்ளிக்கூடம் அஞ்சோட முடியுதே.

வானைப் பற்றி ஒண்டு. 5.50க்கு வான் எண்டா பிள்ளை நாலே முக்காலுக்கு எழும்ப வேணும். முதலாம் ஆண்டுக்கு 11.30க்குப் பள்ளிக்கூடம் முடிஞ்சிடும், பெரிய பிள்ளைகளுக்கு 1.30. அந்த ரெண்டு மணித்தியாலமும் அஞ்சு வயசுப் பிள்ளை எங்க இருக்கும், ஆர் பாப்பினம்? வான்காரரிட்ட இதைக் கேட்டீங்களா?

உங்கட மனிசிக்கும் ஒரு சேதி. நான் இருந்த இடத்தில பகல் சாப்பாட்டைத் தாய்மார் முறை வைச்சுச் சமைச்சாங்க. ஒரு தாய் பருப்பை அடுப்பில ஏத்திப்போட்டு எங்கட அரைச்சுவருக்கு வெளியில வந்து நிப்பா. முதல்ல பிள்ளையைப் பாக்க வாறா எண்டுதான் நினைச்சன். ஒருநாள் பாத்தா, விறகுக் கரியால சுவரின்ட வெளிப்பக்கத்தில நான் பலகையில எழுதினதை எழுதிக்கொண்டு நிக்கிறா. நான் ஒண்டும் கேக்கேல்ல, அடுத்த நாள் ஒரு சிலேற்றைச் சுவருக்கு மேல வைச்சிட்டுப் போனன். அவ ஒன்றரை வருசத்தில மகன்ட கொப்பியைத் தானே பாத்துக் கையெழுத்து வைச்சவ.

கிளிவெட்டி 2007 எழுதியது:

அண்ணா, அக்கா படிப்பை விட்ட வருசத்தைப் பாத்ததும்தான் எழுத நினைச்சன். நான் சம்பூர்ப் பக்கம். 2006ல சண்டையால நாங்க ஊரை விட்டு வெளிக்கிடேக்க எனக்கு நாலு வயசு. வெருகல் தாண்டி, வாகரையால மட்டக்களப்பு, பிறகு 2007ல கிளிவெட்டி முகாம். முதலாம் ஆண்டு நான் படிச்சது தகரக் கொட்டில். மத்தியானத்தில தகரம் காய்ஞ்சு தலை வலிக்கும், மழை பெய்தா டீச்சரின்ட குரல் கேக்காது. மழை நிக்கும் வரைக்கும் அவ பலகையில படம் கீறுவா, நாங்க பேரைச் சத்தமாச் சொல்லுவம். எனக்கு வாசிப்பு வந்தது அந்தக் கொட்டிலிலதான்.

அக்கா நிண்டது அந்த வாங்கால இல்ல அண்ணா. 2004 கடைசியில சுனாமிக் கடல் வந்தது, அதுக்குப் பிறகு ஒண்டரை வருசத்தில சண்டை. அந்த வயசு அக்காமார் எங்கட ஊரிலயும் கனபேர், முகாமில தம்பி தங்கச்சியைப் பாக்க நிண்டவங்க. நாங்க பள்ளிக்கூடம் போனதே அவங்க வீட்டில நிண்டபடியாத்தான். இதை நீங்க சொல்லுறதை விட, அவவோட படிச்ச ஆராவது அவவுக்குச் சொன்னா நல்லம்.

எங்கட ஆக்கள் திரும்பி ஊரில குடியேறேக்க முதல் கேட்டது பள்ளிக்கூடம் எப்ப திறக்கும் எண்டுதான். இன்னொண்டு, பிள்ளை குறைஞ்சா ஆசிரியரையும் குறைப்பாங்க, ஆசிரியர் குறைஞ்சா மிச்சப் பிள்ளையும் வானில ஏறும். 31, 28 ஆகிற நேரம் ஊர் கவனிக்காது. அதுக்காக உங்கட மகள் அந்தப் பாரத்தைச் சுமக்க வேணுமெண்டு நான் சொல்லேல்ல. டீச்சர் சொன்ன மாதிரிப் போய்ப் பாத்துட்டு முடிவெடுங்கோ.

வயல்கரையான் எழுதியது:

டீச்சர், தம்பி, அக்கா எல்லாருக்கும் நன்றி. புதன்கிழமை போனன். கிளிவெட்டித் தம்பி எழுதினதை முதல்நாள் இரவு மனிசிக்கு வாசிச்சுக் காட்டினனான். ஒண்டும் சொல்லேல்ல, விளக்கை நூத்துப்போட்டுப் படுத்திட்டா. காலமை பாத்தா சீலை மாத்திக்கொண்டு நிக்கிறா, தானும் வாறாவாம்.

முதலாம் ஆண்டு டீச்சர் கட்டைபறிச்சானில இருந்து மோட்டச்சைக்கிளில வாறா. ஆறு வருசம். போன மாரியில ரோட்டுக்கு மேல தண்ணி போன நாலு நாள் மட்டும் வரேல்லயாம், அதையும் அவவே சொன்னா. நான் கமநல சேவை நிலையத்தில (கமக்காரருக்கான அரசாங்கக் கந்தோர்) தந்த துண்டுப் பிரசுரத்தைச் சட்டைப்பையில கொண்டுபோனனான். மூண்டாம் ஆண்டுப் பிள்ளை ஒண்டு வாசிச்சது. "கபிலநிறத் தத்தி" எண்ட இடத்தில நிண்டு, க, பி, ல எண்டு பிரிச்சுக் கூட்டி, முழுசா வாசிச்சிட்டு, "அப்பிடியெண்டா வெள்ளாமைக்கு வாற பூச்சிதானே" எண்டு என்னையே கேட்டது. மனிசி அந்தப் பிள்ளையின்ட வாயையே பாத்துக்கொண்டு நிண்டா.

வான்காரரிட்டயும் கேட்டன். 11.30ல இருந்து 1.30 வரைக்கும் சின்னப் பிள்ளைகள் வானுக்குள்ளதான் இருக்குமாம், மர நிழலில விடுவாராம்.

இங்கிலீசுக்கு என்ன செய்யிறதெண்டு இன்னும் தெரியேல்ல. அதை அடுத்த வருசம் பாப்பம். விண்ணப்பத்தைத் திங்கள் அதிபரிட்டக் குடுக்கிறம். சமையல் முறைக்கு மனிசி தன்ட பேரையும் சொல்லிட்டு வந்திருக்கிறா, வியாழக்கிழமைகளில.

மலசலகூடத்தில தண்ணி இருக்கு, கதவுக்குத்தான் உள்பக்கத் தாழ்ப்பாள் இல்ல. ஒரு பிள்ளை உள்ள போனா இன்னொண்டு வெளியில கதவைப் பிடிச்சுக்கொண்டு நிக்குது. சனிக்கிழமை நானும் ரெண்டு தகப்பன்மாரும் போய்ப் போட்டுக் குடுக்கப் போறம். எந்த உயரத்தில அடிச்சாச் சின்னதுகளுக்கு எட்டும் டீச்சர்?

வெண்கட்டி எழுதியது:

மகளையும் கூட்டிக்கொண்டு போங்கோ தம்பி. கதவோட நிப்பாட்டி, அவவின்ட தோள் உயரத்தில அடையாளம் வையுங்கோ. இழுக்கிற தாழ்ப்பாள் வேண்டாம், துரு ஏறினா உள்ளுக்க மாட்டிக்கொள்ளும். மரக்கட்டையில ஆணி அடிச்ச, சுத்துற தாழ்ப்பாள் போடுங்கோ, வெளியில இருந்தும் ஒரு ஈர்க்கால தள்ளித் திறக்கலாம்.