மறு: சாச்சுரேஷன் கூட்டலுக்குத் தமிழ்ல என்ன போடலாம்?

வணக்கம். பாடப் புத்தகத்துல தெவிட்டிய கரைசல் இருக்கு, அதையே இங்கயும் தெவிட்டல்னு வெச்சுக்கலாம், புதுசா எதுக்குன்னு கேட்டிருந்தீங்க. நியாயம்தான், ஆனா சிஎம்சிஸ்-டிஎஸ்பி (ஆர்ம் சிப்கள்ல ஆடியோ மாதிரி சிக்னலைக் கையாளற ஃபங்ஷன்களோட தொகுப்பு) மாதிரி லைப்ரரிக்குத் தமிழ்ல விளக்கம் எழுத உக்காந்தா அந்த வார்த்தை கைகொடுக்க மாட்டேங்குது. ஏன்னா இங்க ஒத்தைச் சொல் போதாது, ஜோடியா வேணும்: கூட்டல் விடை இடத்தைத் தாண்டுனா உச்சத்துலயே நிக்கறதுக்கு (இதான் சாச்சுரேஷன்) ஒண்ணு, சுத்திக்கிட்டு மறுபக்கம் போறதுக்கு ஒண்ணு.

பிளஸ், மைனஸ் ரெண்டும் வர்ற 16 பிட் எண்ல 30000-ஐயும் 10000-ஐயும் கூட்டுங்க. 40000 அதுல அடங்காது, உச்சமே 32767 தான். சாதாரணமா கூட்டுனா சுத்திக்கிட்டு மறுபக்கம் போய் -25536-னு வந்து நிக்கும், கார்ட்டெக்ஸ்-எம்4 ப்ராசஸர்ல இருக்கற கியூஆட்16 கட்டளையப் போட்டா 32767-லயே நின்னுடும். ஆடியோல முதல் வகை வந்தா படார்னு காதுல அறையும், ரெண்டாவதுல அலையோட தலை தட்டையாகும், அவ்ளோதான்.

இதவிட சிக்கல் ஃபிர் ஃபில்டர்ல, அதாவது சிக்னலோட அடுத்தடுத்த மதிப்புகளை எண்களால பெருக்கிக் கூட்டிக்கிட்டே போற வடிகட்டில. கியூ15 (16 பிட்ல பின்ன எண்) வகைல சாதா ஃபங்ஷன் 64 பிட்ல கூட்டி வெச்சுக்கிட்டு கடைசியா 16 பிட்டுக்கு இறக்கும்போது வரம்புல நிறுத்துது. ஃபாஸ்ட்னு பேர் போட்டது வேகத்துக்காக 32 பிட்லயே கூட்டுது, நடுவுல நிரம்புனா சுத்திடும், அப்புறம் கடைசில வரம்புல நிறுத்தி என்ன புண்ணியம், அதான் சிக்னலை முன்னாடியே சின்னதாக்கிக் குடுக்கச் சொல்றாங்க. ஒரே ஃபங்ஷனுக்குள்ள ரெண்டும் நடக்குது பாருங்க, இதை தெவிட்டல்னு ஒரு சொல்ல வெச்சு எப்படி எழுதறது?

என் பரிந்துரை: வரம்புநில் கூட்டல், வளையக் கூட்டல். வினையாவும் இழுக்கலாம், "விடை வரம்புநின்றது"ன்னு எழுதலாம். சுழல் கூட்டல்னு ஒருத்தர் சொன்னது நல்லாத்தான் இருக்கு, ஆனா பிட்டை ரொட்டேட் பண்ற கட்டளைக்கு சுழற்றுன்னு எழுதிட்டு இருக்கோம், மோதும். வளையத்துக்கு இன்னொரு சவுகரியம், இயற்கணிதத்துல இந்த மாதிரி அமைப்புக்குப் பேரே வளையம்தான். சாச்சுரேஷனுக்கு பூரிதம்னும் சொல்லலாம், ஆனா அது வேண்டாம், படிக்கறவங்களுக்கு ஒண்ணும் புரியாது. ஓவர்ஃப்ளோவுக்கு வழிதல் இருக்கட்டும், வழிஞ்சப்புறம் நிக்குதா சுத்துதாங்கறதுக்குத்தான் இந்த ரெண்டும்.

ஒரு இடம் மட்டும் உறுத்துது. -32768-க்கு தனிமதிப்பு எடுத்தா 32768 வரணும், இடமில்லாததால லைப்ரரி 32767-னு குடுக்கும். இங்க கூட்டலே இல்ல, அதனால பொதுவா வரம்புநிற்றல்னு பேர் வெச்சுட்டு கூட்டல், தனிமதிப்பு எல்லாத்துக்கும் முன்னாடி வரம்புநில்-னு சேர்த்துக்கலாமா? மாற்றுக் கருத்து இருந்தா ஒரு உதாரண வாக்கியத்தோட எழுதுங்க.