டாட் ஏஐ முகவரி வாங்கலாமா? அந்த இரண்டெழுத்து உண்மையில் யாருடையது?

பெருங்குடிவாசி எழுதியது:

நாங்கள் நால்வர் சேர்ந்து பெருங்குடியில் ஒரு சிறு நிறுவனம் நடத்துகிறோம். மளிகை மொத்த வியாபாரிகளின் கையெழுத்துப் பில்களைப் படித்துக் கணக்கில் ஏற்றும் மென்பொருள் எங்களுடையது. எங்கள் பெயரில் டாட் காம் முகவரி வேறொருவரிடம் சும்மா கிடக்கிறது. கேட்டால் புதுக் கார் ஒன்றின் விலையைச் சொல்கிறார். டாட் இன் கையில் இருக்கிறது. ஆனால் முதலீட்டாளர்களைப் பார்க்கப் போகும்போது டாட் ஏஐ இருந்தால்தான் மதிப்பு என்று கூட்டாளி ஒருவர் விடாமல் சொல்லிவருகிறார். டாட் இன்னைவிடப் பல மடங்கு விலை என்பதோடு, குறைந்தது 2 ஆண்டுகளுக்குச் சேர்த்தே கட்ட வேண்டுமாம். செலவுச் சீட்டைப் பார்த்த எங்கள் ஆடிட்டர், "இந்தப் பணம் கடைசியில் யாருக்குப் போகிறது?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மயிலை அடிமனை எழுதியது:

பணம் அங்குவிலா என்னும் தீவுக்குப் போகிறது, ஐயா. கிழக்குக் கரீபியன் கடலில், பிரிட்டனின் ஆளுகைக்கு உட்பட்ட, சுமார் 90 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பகுதி அது. மயிலாப்பூரில் தேர்த் திருவிழாவுக்குக் கூடும் கூட்டத்துக்கு முன் அந்தத் தீவின் மொத்த மக்கள்தொகை ஒன்றுமே இல்லை. இணைய முகவரியின் முடிவில் வரும் இரண்டெழுத்துகள் அநேகமாக எல்லாமே ஐ.எஸ்.ஓ. 3166 என்ற நாட்டுக் குறியீட்டுப் பட்டியலிலிருந்து எடுத்தவை. அப்பட்டியலில் அங்குவிலாவுக்கு வாய்த்தது ஏஐ. 1995இல் அந்த முகவரி தீவுக்கு ஒதுக்கப்பட்டபோது செயற்கை நுண்ணறிவை மனத்தில் வைத்து யாரும் ஒதுக்கவில்லை. 2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்த பிறகு தேவை பெருகி, 2023இல் மட்டும் ஏறத்தாழ 3.2 கோடி அமெரிக்க டாலர் தீவின் கருவூலத்துக்கு வந்தது. அரசின் மொத்த வருவாயில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். 2017இல் இர்மா புயலில் அடிபட்ட, சுற்றுலாவையே பெரிதும் நம்பியிருந்த ஒரு தீவுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைப் புயலுக்குப் பழகிய நாம் சுலபமாக உணரலாம்.

இதற்கு முன்னோடி பசிபிக் கடலில் உள்ள துவாலு. அதன் டிவி என்ற குறியீடு தொலைக்காட்சிக்காரர்களுக்குப் பொருந்திப் போனதால், 2000இல் 12 ஆண்டுகளுக்கு 5 கோடி டாலர் என்ற ஒப்பந்தம் கிடைத்தது. அதில் வந்த பணம் கைகொடுத்ததால்தான் அந்த நாடு அதே ஆண்டு ஐ.நா. சபையில் சேர முடிந்தது.

வாங்குவதா என்ற கேள்விக்கு என் பதில்: வாங்குவது என்ற சொல்லையே மறந்துவிடுங்கள். எங்கள் வீடு கோயில் மனையில் இருக்கிறது. சுவர் எங்களுடையது, மாடி எங்களுடையது, அடிமனை சுவாமியுடையது; வாடகையை உயர்த்தி நோட்டீஸ் வந்தால் முறையிடலாமே தவிர, வீட்டைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. டாட் ஏஐயும் அப்படித்தான். இத்தகைய நாட்டு முகவரிகளின் விலையை, உலக அளவில் இணைய முகவரிகளை ஒருங்கிணைக்கும் ஐகேன் அமைப்பு கட்டுப்படுத்துவதில்லை. நிலத்துக்காரர் வைத்ததே வாடகை.

கிண்டி சர்வர் எழுதியது:

அடிமனை உவமை சரிதான். ஆனால் எல்லா நிலத்துக்காரரும் ஒன்றல்லர். லிபியாவின் எல்ஒய் முடிவில் இருந்த ஒரு சுருக்க முகவரிச் சேவையை, அந்நாட்டுச் சட்டத்துக்கு ஒவ்வாதது என்று சொல்லி 2010இல் பறித்துக்கொண்டார்கள். டொகெலாவ் தீவுகளின் டாட் டிகே முகவரி இலவசமாக வாரி வழங்கப்பட்டதால் மோசடிக்காரர்களின் கூடாரமானது. கடைசியில் அந்த முடிவைக் கண்டாலே மின்னஞ்சல் வடிகட்டிகள் சந்தேகப்படும் நிலை வந்தது. டெவலப்பர்கள் விரும்பும் டாட் ஐஓ, சாகோஸ் தீவுகள் அடங்கிய பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பகுதிக்கு உரியது. டியேகோ கார்சியாவில் ராணுவத் தளம் அமைப்பதற்காக அங்கிருந்து விரட்டப்பட்ட மக்களை யாரும் கேட்காமலேயே அவர்கள் மண்ணின் குறியீடு விலைபோனது என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது. அத்தீவுகளை மொரீஷியஸுக்குக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் பிரிட்டன் 2025 மே மாதம் கையெழுத்திட்டது. இப்படிக் கைமாறியதால் ஒரு நாட்டுக் குறியீடு பட்டியலிலிருந்து நீக்கப்பட்டால், முகவரியைப் படிப்படியாக மூட 5 ஆண்டு அவகாசமும், தேவையானால் நீட்டிப்பும் உண்டு. யூகோஸ்லாவியாவின் ஒய்யு 2010இல் மூடப்பட்டது. சோவியத் யூனியன் 1991இல் கலைந்தும் அதன் எஸ்யு நெடுங்காலம் ஓடிக்கொண்டிருந்தது என்பது வேறு வேடிக்கை.

இவற்றோடு ஒப்பிட்டால் அங்குவிலாவுக்குத் தன் பெயர் கெடாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய காரணம் இருக்கிறது, அதுதானே வருமானம்.

சாவடி மளிகை எழுதியது:

நான் உங்கள் மென்பொருளை வாங்கக்கூடிய ஆள்; கொத்தவால் சாவடியில் பருப்பு வியாபாரம். எனக்குச் சரக்கு மென்பொருள் விற்ற ஒருவர் டாட் ஏஐ முகவரி போட்ட விசிட்டிங் கார்டைக் கொடுத்தார். எங்கள் கணக்கர் அதைப் பார்த்து, அச்சில் ஏதோ விட்டுப்போயிற்று என்று நினைத்து, கடைசியில் டாட் காம் சேர்த்து மின்னஞ்சல் அனுப்பினார். மூன்று நாள் பதில் இல்லை. ஆர்டர் வேறு ஆளுக்குப் போயிற்று. பிறகு அந்த விற்பனையாளரே சொன்னார்: பதிவு செய்துகொடுத்த இடைத்தரகர் முதல் முறை தள்ளுபடி கொடுத்துவிட்டு, புதுப்பிக்கும்போது ஏறக்குறைய இரட்டிப்பாகக் கேட்டாராம். புதுப்பிப்புக் கட்டணத்தை இப்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

டாட் இந்தியா என்று தமிழ் எழுத்திலேயே முகவரி இருப்பதையும் பாருங்கள். கணக்கர் அதைப் பிழையில்லாமல் எழுதுவார். என்ன, பல படிவங்கள் அந்த மின்னஞ்சலை ஏற்க மறுக்கும்.

பெருங்குடிவாசி எழுதியது:

மூவருக்கும் நன்றி. டாட் ஏஐயை 2 ஆண்டுக்கு எடுத்து, அதைத் தட்டினால் டாட் இன்னுக்குத் திரும்பும்படி வைத்துக்கொள்ள முடிவு செய்திருக்கிறோம். முதலீட்டாளருக்கான காகிதங்களில் அது இருக்கும். மின்னஞ்சல், பில், விசிட்டிங் கார்டு மூன்றிலும் டாட் இன்தான். ஆடிட்டரிடம் "அங்குவிலா" என்று எழுதிக் கொடுத்தேன். வரைபடத்தில் தேடிப் பார்த்துவிட்டு, வெளிநாட்டுக்குச் செலுத்தும் இந்தத் தொகைக்கு ஜிஎஸ்டி எப்படிக் கணக்கிடுவது என்று அடுத்த கேள்வியைப் போட்டிருக்கிறார். அதைத் தனி இழையில் கேட்கிறேன்.