ரிட்ஜ்வேயிலிருந்து சத்ரி வரை: கேட்டுப் படுத்த இரவுகள்

இங்கிலாந்தின் தென்பகுதியில் தனியாக மிதிவண்டியில் சுற்றி, இரவுகளைக் கூடாரத்தில் கழிக்க விரும்புகிறவர் முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டியது, கண்ணில் படும் ஒவ்வொரு புல்வெளிக்கும் அங்கே ஓர் உரிமையாளர் இருக்கிறார் என்பதே. ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டத்தின்படி, பொறுப்புடன் நடந்துகொள்ளும் எவரும் பெரும்பாலான திறந்தவெளிகளில் கூடாரம் அடிக்கலாம். இங்கிலாந்தில் அந்த உரிமை தென்மேற்கிலுள்ள டார்ட்மூர் மேட்டுநிலத்தின் பொதுநிலங்களுக்கு மட்டுமே உண்டு. அதுவும் உச்ச நீதிமன்றம் வரை சென்று 2025 மே மாதத்தில்தான் உறுதிப்பட்டது. மற்ற இடங்களில் முகாம்திடலுக்குப் போக வேண்டும், இல்லையென்றால் நிலத்துக்காரரைக் கேட்டுத்தான் படுக்க வேண்டும். வெட்கப்படும் இயல்புள்ள எனக்கு இது தொடக்கத்தில் பெரும் தொல்லையாகவே பட்டது. ஆனால் வழியில் நான் நின்று பேசிய மனிதர்களில் பெரும்பாலோர் இந்தக் கட்டாயத்தால்தான் கிடைத்தார்கள்.

டிட்காட் ரயில் நிலையத்தில் இறங்கி, வான்டேஜ் என்ற சிற்றூரின் வழியாகப் பயணத்தைத் தொடங்கினேன். அந்த ஊரைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. தாமஸ் ஹிராம் ஹோல்டிங் என்ற தையற்கலைஞர் 1901இல் மிதிவண்டி முகாமாளர்களுக்கென ஒரு சங்கம் தொடங்கியபோது, அதன் முதல் முகாம் வான்டேஜில்தான் நடந்தது. வந்து சேர்ந்தவர்கள் ஆறு பேர். இன்று கேரவன்களும் மோட்டார் வீடுகளும் நிறைந்திருக்கும் முகாம் மற்றும் கேரவன் மன்றம் அந்த ஆறு பேரிலிருந்து வளர்ந்ததே. கார்கள் பெருகுவதற்கு முன்பே இந்த விளையாட்டை மிதிவண்டிக்காரர்கள் தொடங்கிவிட்டார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

வான்டேஜுக்குத் தெற்கே மேடேறினால் ரிட்ஜ்வே வந்துவிடுகிறது. ஏவ்பரிக்கு அருகிலிருந்து ஐவிங்ஹோ பீக்கன் வரை 87 மைல் நீளும் இந்தப் பழம்பாதையின் மேற்குப் பாதி முழுவதிலும் மிதிவண்டி ஓட்டலாம். தடம் முழுவதும் சுண்ணப்பாறை. அதனிடையே சிக்கிமுக்கிக் கற்கள் கத்திபோல் நீட்டிக்கொண்டிருக்கும். காய்ந்திருந்தால் வண்டி நன்றாக உருளும், ஆனால் ஒரு மழை பெய்துவிட்டால் வெள்ளைச் சேறு தோசை மாவைப்போல டயருக்கும் மட்கார்டுக்கும் இடையே அப்பிக்கொண்டு சக்கரத்தையே நிறுத்திவிடுகிறது. தண்ணீருக்கும் இங்கே பஞ்சம்தான், ஏனென்றால் சுண்ணப்பாறை மழையை அப்படியே உறிஞ்சிக் கீழே அனுப்பிவிடுவதால் ஊற்றுகளும் ஊர்களும் மலையடிவாரத்திலேயே இருக்கின்றன. வான்டேஜுக்குச் சற்று மேற்கே, இளவயதில் இறந்துபோன ஒரு சிறுவனின் நினைவாகப் பாதையோரத்தில் ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். எனக்கு முன்னால் அங்கே குப்பியை நிரப்பிக்கொண்டிருந்த முதிய நடைப்பயணி, அடுத்த குழாய் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதைத் தன் ஊன்றுகோலால் மண்ணில் கோடு கிழித்துக் காட்டினார். பெயரும் ஊரும் கேட்பதற்கு முன்பே தண்ணீரைப் பற்றிப் பேசும் வழக்கம் அந்தப் பாதையில் எல்லோரிடமும் இருக்கிறது.

அன்று மாலை முதன்முறையாக ஒரு பண்ணை வீட்டின் கதவைத் தட்டினேன். பிரிட்டனின் வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ஆரஞ்சு அட்டை வரைபடத்தில், 1:25,000 அளவுகோலில், ஒவ்வொரு பண்ணையின் பெயரும் அச்சிடப்பட்டிருக்கும். அந்தப் பெயரைச் சொல்லி, இதுதானே அந்தப் பண்ணை என்று கேட்டேன். சிவந்த முகத்துடன் ரப்பர் பூட்ஸ் அணிந்து வந்த பெண்மணி வரைபடத்தை என் கையிலிருந்து வாங்கி, தன் வீட்டின் பெயரை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, களஞ்சியத்தை ஏன் தவறான பக்கத்தில் வரைந்திருக்கிறார்கள் என்று என்னிடமே கேட்டார். எனக்கு ஏது பதில்? அவர் முதலில் காட்டிய வயல் சமதளமாக, அழகாக இருந்தது. உடனே தலையை ஆட்டி, அங்கே இளங்காளைகள் இருக்கின்றன, அவை கெட்டவை அல்ல, ஆனால் எதைக் கண்டாலும் முகர்ந்து பார்க்க வந்து கூடாரத்தை மிதித்துவிடும் என்றார். கன்றோடு நிற்கும் பசுக்கள் உள்ள வயலில் எவர் சொன்னாலும் படுக்காதீர்கள் என்றும் எச்சரித்தார். கடைசியில் வைக்கோல் கொட்டகைக்குப் பின்னால், சற்றுச் சரிவான ஒரு மூலை கிடைத்தது. பணம் வாங்க மறுத்தவர், காலையில் எட்டு மணிக்குள் வழியை விட்டு விலகிவிட வேண்டும், டிராக்டர் வரும் என்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னார்.

மறுநாள் அஃபிங்டன் வெள்ளைக் குதிரையை அடைந்தேன். ஏறத்தாழ 3,000 ஆண்டுகளாக மலைச்சரிவில் கிடக்கும் 110 மீட்டர் நீள உருவம் அது. மேலே நிற்பவருக்குக் குதிரை தெரியாது. புல்லுக்கு நடுவே வெள்ளைப் பட்டைகள்தான் தெரியும். அங்கே சிலர் முழங்காலிட்டுச் சுத்தியலால் எதையோ தட்டிக்கொண்டிருந்தார்கள். பழைய அகழிகளில் புதிய சுண்ணக்கட்டிகளைக் கொட்டி, அவை மாவாகிக் கெட்டிப்படும்வரை கையாலேயே அடிக்கும் வேலை அது. இதை விட்டுவிட்டால் சில ஆண்டுகளில் புல் மூடிவிடும். என்னைப் பார்த்ததும் தன்னார்வலர்களில் ஒருவர், மிதிவண்டியைச் சாய்த்துவிட்டு வாருங்கள், ஒரு சுத்தியல் சும்மா கிடக்கிறது என்று அழைத்தார். அரைமணி நேரத்துக்கும் மேலாகக் கழுத்துப் பகுதியின் ஒரு சிறு துண்டை அடித்தேன். கட்டி உடையும்போது முதலில் மணல்போல் சிதறுகிறது, பிறகு ஈரத்தோடு சேர்ந்து வழுவழுப்பான தளமாகிறது. பக்கத்திலிருந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. நான் எங்கிருந்து வருகிறேன் என்று அவர் கேட்கவே இல்லை, நான் அடிக்கும் முறை சரியில்லை என்பதையே மூன்று முறை சொன்னார்.

சாலிஸ்பரிச் சமவெளியின் பெரும்பகுதி ராணுவப் பயிற்சிக்களம். சிவப்புக் கொடி பறந்தால் சுற்றிப் போக வேண்டும். நானும் சுற்றித்தான் போனேன், சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. நியூ ஃபாரஸ்ட் காட்டில் சந்திப்புகள் மனிதரோடு அல்ல, மட்டக் குதிரைகளோடு. முதலாம் வில்லியம் மன்னன் 1079இல் வேட்டைக்காடாக ஒதுக்கிய அந்த நிலத்தில், ஊர்மக்களின் குதிரைகள் இன்றும் மேய்ச்சல் உரிமையோடு அவிழ்த்துவிடப்பட்டே திரிகின்றன. அவற்றுக்கு உணவளிப்பது தடைசெய்யப்பட்டிருக்கிறது. ரொட்டிப் பையைக் கூடார வாசலில் வைத்தால் அதுவும் உணவளித்ததாகவே முடியும் என்பதைப் பக்கத்துக் கூடாரத்துக் குடும்பத்தின் நிலையைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

வின்செஸ்டரிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை 100 மைல் நீளும் சவுத் டவுன்ஸ் வே என்ற நெடும்பாதையில்தான் பயணம் மறுபடி சூடுபிடித்தது. இங்கிலாந்தில் ஃபுட்பாத் என்றால் கால்நடையாகச் செல்வோருக்கு மட்டும். பிரைடில்வே என்றால் குதிரைக்கும் வழியுண்டு, 1968ஆம் ஆண்டின் கிராமப்புறச் சட்டத்தால் மிதிவண்டிக்கும் உண்டு, ஆனால் நடப்பவருக்கும் குதிரையில் வருபவருக்கும் நாம்தான் ஒதுங்க வேண்டும். வரைபடத்தில் பச்சை நிறத்தில் குட்டைக் கோடுகள் முதலாவது, நீண்ட கோடுகள் இரண்டாவது. பட்சர் குன்றைத் தாண்டிய ஒரு சரிவில் எனக்கு முன்னால் ஒரு பெண் குதிரையில் போய்க்கொண்டிருந்தார். மணி அடிக்கலாமா என்று தயங்கி, பின்னாலிருந்தே உரக்க வணக்கம் சொன்னேன். அவர் குதிரையைத் திருப்பி நிறுத்தி, பேசிக்கொண்டே வாருங்கள், பேச்சை நிறுத்தாதீர்கள் என்றார். சத்தமில்லாமல் பின்னால் வரும் உருவத்தைக் குதிரை வேட்டையாடும் விலங்கென நினைத்து மிரளுமாம், மனிதக் குரல் கேட்டால் அடங்குமாம். எதைப் பேசுவது என்று தெரியாமல் அன்றைய காலை உணவைப் பற்றித் தமிழில் சொல்லிக்கொண்டே கடந்தேன். குதிரை காதை மட்டும் திருப்பிற்று.

எல்லாக் கதவுகளும் திறந்துவிடவில்லை. ஒரு சிற்றூரில் பப்பின் பின்தோட்டத்தில் இடம் கேட்டபோது, சாப்பிடலாம், படுக்க முடியாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நிறம் காரணமா, சேறு படிந்த உடை காரணமா என்று அன்றிரவு யோசித்தேன். இரண்டுக்கும் சான்று இல்லை. அங்கேயே உணவருந்திக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து வந்து, அடுத்த ஊரில் கோடைக்கு மட்டும் திறக்கும் ஒரு வயல் முகாம் இருப்பதாகச் சொன்னார். 2023இலிருந்து உள்ளாட்சியின் திட்ட அனுமதி இல்லாமலேயே ஆண்டுக்கு 60 நாள்கள் வரை இப்படி முகாம் நடத்தச் சட்டம் இடம் தருவதால், கோடையில் இவை எங்கும் முளைத்திருக்கின்றன. ஜூன் இறுதியில் சூரியன் மறைய ஒன்பது மணிக்கு மேல் ஆகும் என்பதால் வெளிச்சத்திலேயே போய்ச் சேர்ந்தேன்.

பிரைட்டனுக்கு மேலே, பாதையிலிருந்து தெற்கே இறங்கும் ஒரு தடத்தில், ஆடுகள் மேயும் சரிவின் நடுவில் வெள்ளைப் பளிங்குக் குவிமாடம் ஒன்று நிற்கிறது. முதல் உலகப்போரில் காயமுற்று, பிரைட்டன் மருத்துவமனைகளில் உயிர்விட்ட இந்து, சீக்கிய வீரர்கள் 53 பேர் எரியூட்டப்பட்ட இடத்தில் 1921இல் திறந்துவைக்கப்பட்ட சத்ரி நினைவிடம் அது. கல்லில் பொறித்த பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தபோது, நாயோடு வந்த ஒரு முதிய பெண்மணி, இவர்களில் உங்கள் பகுதியினர் உண்டா என்று கேட்டார். பிரான்சுக்கு அனுப்பப்பட்ட லாகூர், மீரட் படைப்பிரிவுகளில் பஞ்சாபியரும் கர்வாலியரும் கூர்க்காக்களுமே மிகுதி, என் ஊர் அங்கிருந்து வெகுதூரம் என்றேன். அவர் ஆண்டுதோறும் ஜூன் மாத நினைவுநாளுக்குத் தவறாமல் வருகிறாராம். கீழே ஊரில் பிறந்தவர், சிறுவயதில் இந்தக் குவிமாடத்தின் நிழலில்தான் விளையாடியிருக்கிறார்.

பிரிவதற்குமுன் அன்றிரவு எங்கே தங்கப்போகிறேன் என்று கேட்டார். இன்னும் தெரியாது என்றதும், டிச்லிங் பக்கம் இறங்கும் சாலையில் இரண்டாவது பண்ணையைச் சொல்லி, நாய் குரைக்கும், கடிக்காது, தயங்காமல் கதவைத் தட்டுங்கள் என்றார். நாய் அவர் சொன்னபடியே குரைத்தது. பண்ணைக்காரர் எட்டு பவுண்டு வாங்கிக்கொண்டு வேலியோர இடத்தைக் காட்டிவிட்டு, கூடாரக் கயிற்றைக் கம்பியில் மட்டும் கட்டிவிடாதீர்கள், அதில் மின்சாரம் ஓடுகிறது என்று சொல்லிப் போனார்.