மாடும் மேயணும், குருவியும் குஞ்சு பொரிக்கணும் – யோசனை சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே, அனுபவம் உள்ளவங்க கொஞ்சம் சொல்லுங்க. மேய்ச்சல் நிலத்தை நாலா பிரிச்சு மாத்தி மாத்தி மாடு விடுறோம், புல்லு பாதிக்கு மேல போயிட்டா வேர் வளர்றது வேகமா குறைஞ்சுடும்ங்கிறதால பாதி மேஞ்சதும் ஓட்டிடுவோம். அது ஓகே. பிரச்சனை என்னன்னா ஒவ்வொரு பகுதிக்கும் தண்ணித்தொட்டி ஒண்ணுதான், அதைச் சுத்தி மண்ணு சிமெண்ட் மாதிரி இறுகிப்போச்சு, வெறும் குளம்புத்தடம்தான், ஆனா கடைசி ஓரத்துல பாத்தா புல்லு முட்டி உயரத்துக்கு சும்மா நிக்குது. மாடு நக்குற உப்புக்கட்டிய அங்க கொண்டு போய் வச்சேன், ரெண்டு நாள் மாடுங்க அங்க போச்சுங்க, மூணாம் நாள் திரும்ப தொட்டிகிட்டயே வந்து படுத்துக்குச்சுங்க (சோம்பேறிங்க!).

இன்னொன்னு, வேலியோட கீழ்க்கம்பி முள்ளுல மான் முடி கொத்தா மாட்டியிருந்துச்சு. முள்ளில்லாத கம்பியா மாத்தி 40 சென்டிமீட்டர் தூக்கிக் கட்டலாம்னு பாக்கறேன், கன்னுக்குட்டி நுழைஞ்சு போயிடுமோன்னுதான் பயம். யாராச்சும் கட்டியிருக்கீங்களா?

அப்புறம் தரையில கூடு கட்டுற குருவிங்களுக்காக அந்த சீசன் முழுக்க ஒரு பகுதிய மூடி வச்சா மத்த மூணும் தாங்குமா, இல்ல மாட்டைக் குறைச்சே ஆகணுமா? தொட்டி விஷயத்துல குழாய் இழுத்து ரெண்டாவது வைக்கிறதா, இருக்கிறதையே நகத்துறதா?