நாட்டு ஓடும் சுண்ணாம்புக் கொத்தனாரும் எங்கே கிடைப்பார்கள்?

உறவுகளே, ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் திருப்பாலைக்குடிப் பக்கம் எங்கள் தாத்தா கட்டிய ஓட்டு வீட்டில் ஐந்து பேர் இருக்கிறோம். புரட்டாசியில் விதைத்த மானாவாரி நெல் நன்றாக முளைத்திருக்கிறது. ஐப்பசி மழைக்கு ஊரே மகிழ்கிறது. எங்களுக்கோ இரவானால் பயம். முகட்டிலிருந்து ஒழுகும் தண்ணீர் நேராக அப்பத்தாவின் கட்டில்மேல் விழுகிறது. நேற்று அண்டா, குண்டான், பால் சட்டி வரை எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தோம். விதைக்கு எடுத்து வைத்த முண்டு மிளகாயும் பாதி நனைந்துவிட்டது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற மிளகாய் அது. அப்பத்தா விதையை வெளியே வாங்கவே விடமாட்டார்.

போன வருடம் முகட்டில் சிமென்ட் பூசினோம். வெயிலில் வெடித்துவிட்டது. தகரம் போடச் சொல்கிறார்கள். உப்புக் காற்றில் அது துருப்பிடிக்கும், கோடையில் உள்ளே இருக்கவும் முடியாது. ஓட்டைத் தாங்கும் பனங்கைகள் (பனைமரச் சட்டங்கள்) இன்னும் உறுதியாக இருக்கின்றன, ஒன்றில் மட்டும் கரையான்.

தொண்டி முதல் தேவிபட்டினம் வரை யாராவது பழைய வீட்டைப் பிரித்தால் தயவுசெய்து சொல்லுங்கள். இருநூறு ஓடுகள் போதும். சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த கொத்தனார் வேண்டும். அதுவரை தார்ப்பாயைக் காற்றில் பறக்காமல் கட்டும் வழி தெரிந்தவர்களும் எழுதுங்கள். கார்த்திகை அடைமழைக்கு முன் முடித்தாக வேண்டும்.