பதிமூணு கண் பாலமும் 2 செ.மீ. கார்டும்

போன ஆனி மாதம். செங்கோட்டை–கொல்லம் லைனில், கழுதுருட்டிப் பக்கம் பதிமூணு கண் ரயில் பாலம் ரோட்டிலிருந்தே தெரியும். அதைப் பின்னணியாக வைத்து, மீட்டர்கேஜ் (தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர் இடைவெளி) காலத்துப் பொம்மை ஸ்டேஷன் ஒன்றைப் படம் எடுக்க ரொம்ப நாள் ஆசை. பலகையில் செட்டை ஒட்டி, செங்கோட்டையிலிருந்து மடியில் வைத்தபடி பஸ்ஸில் போனேன். கேக்கா என்று கேட்டார் கண்டக்டர்.

பொம்மைகள் 1:87 அளவு, அதாவது நிஜத்தில் 87இல் ஒரு பங்கு. ஆள் ஒன்று 2 செ.மீ. கூடைக்காரி, குடைக்காரர், கொடி பிடித்த ரயில் கார்டு. தண்டவாளம் கடையில் வாங்கியது. ஜல்லிக்கு ரவை. ஒரு துணுக்கை 87ஆல் பெருக்கிப் பாருங்கள், நிஜ ஜல்லி அளவு வரும்.

ரோட்டோரச் சுவரில் வைத்து, கேமராவைப் பொம்மையின் கண் மட்டத்துக்கு இறக்கினேன். இவ்வளவு கிட்டத்தில் கூடைக்காரி தெளிந்தால் கார்டு கலங்கிவிடுவார். லென்ஸ் துளையை எஃப் 16 வரை மூடியும் பாலம் புகை மூட்டம்தான். சரி, ஏழெட்டுப் படமாக எடுத்து வீட்டில் சேர்த்துக்கொள்ளலாம் என்று போகஸை நகர்த்திக்கொண்டிருந்தேன்.

டீக்கடையிலிருந்து ஒரு பெரியவர் வந்து பக்கத்தில் குத்தவைத்தார். அந்த லைனில் தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேனாக இருந்தவராம்.

"தம்பி, இது எந்த வண்டிக்குள்ள பாதை?"

"பழைய மீட்டர்கேஜ், தாத்தா."

கார்டை எடுத்துத் தண்டவாளத்துக்குக் குறுக்கே படுக்கப்போட்டார். "பாரு, தலை மட்டுந்தான் வெளிய நீட்டிட்டு இருக்குலா. மீட்டர்கேஜ்னா பாதி ஆளு வெளிய கெடப்பான்."

அதற்குள் சாரல் பிடித்துக்கொண்டது. கூடையில் ஒரு துளி விழுந்து உருண்டு நின்றது, அவள் தலையைவிடப் பெரிசு. தண்ணீர் மட்டும் எந்த ஸ்கேலுக்கும் அடங்காது. "பனங்கா விக்கா போல" என்று சிரித்தார் தாத்தா.

வீட்டில் கணக்குப் போட்டேன். கடைத் தண்டவாளம் 16.5 மி.மீ.; வெளிநாட்டு 1435 மி.மீ. பாதைக்கு அது சரி. மீட்டர்கேஜுக்கு 11.5 வர வேண்டும். 2018இல் முழுசாகத் திறந்த அகலப்பாதைக்கு, அதாவது 1676க்கு, 19.3. ஆக, 1904இல் முதல் ரயில் வந்த நாள் தொட்டு இந்த லைனில் இல்லாத பாதையை நான் போட்டிருக்கிறேன்! இப்போது தீக்குச்சிகளைக் கட்டையாக அடுக்கிப் புதிதாகச் செய்கிறேன்.

*

கொழிஞ்சாம்பாறையிலிருந்து வாசகர் ஒருவர் எழுதுகிறேன். உங்கள் பாலம் கட்டுரையில் ஜல்லிக்கு ரவை என்றதும் சிரிப்பு வந்தது. அம்மா கொலு வைக்கும்போது பக்கத்தில் பார்க் கட்டுவது என் வேலை. கண்ணாடிக் குளம், கேழ்வரகு முளைத்த புல், ஒரு வருஷம் ரவையில் பாதை. பசை போடவில்லை. காலையில் பார்த்தால் கட்டெறும்புகள் பாதையைத் தூக்கிக்கொண்டு வரிசையாகப் போகின்றன. 1 செ.மீ. எறும்பு, உங்கள் ஸ்கேலில் கன்றுக்குட்டி நீளம். நடுவில் என் டிராபிக் போலீஸ் கை நீட்டி நிற்கிறார், ஒன்றும் நிற்கவில்லை. போனில்தான் எடுத்தேன், சென்சார் சின்னது என்பதால் போலீஸ், எறும்பு, குளம் எல்லாமே தெளிவாக விழுந்தன. அம்மா எறும்பு சாக்பீஸோடு வந்துவிட்டார். இன்னும் நாலு படம் அம்மா, அப்புறம் போடுங்கள் என்று கெஞ்சினேன்.